பற்றும் வரவும்

பற்று, வரவு என்னும் இரு சொற்களில்தான் தமிழ்நாட்டுப் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் நிற்கிறது. ஆங்கில வழியில் படிப்பவர்கள் டெபிட், கிரெடிட் என்பவற்றைத் தமிழ் வழி மாணவர் இப்பெயர்களால் அறிகிறார். பேரேட்டுக் கணக்கின் இடப்பக்கத் தலையில் 'ப' என்றும் வலப்பக்கத் தலையில் 'வ' என்றும் எழுதப் பழகுகிறார். மாநிலத்தில் மேல்நிலைக் கல்வி தொடங்கிய 1978 முதல் தமிழ் வழியில் வணிகப் பிரிவில் சேர்ந்த ஒவ்வொருவரும் இந்த இரண்டு எழுத்துகளைக் கடந்து வந்தவரே. பலர் அவற்றின் பொருளை உணராமல், விதியாக மனப்பாடம் செய்து கடந்தார்கள். பொருளைத் தேடிப் போனால் வகுப்பறைக்கு வெளியே, கடைத்தெருவுக்குப் போய்ச் சேர நேரும்.

'பற்று' என்பதன் வேர்ப்பொருள் பிடித்தல். தீ பற்றுகிறது. மருந்தை அரைத்து நெற்றியில் பற்றுப் போடுகிறார்கள். உலோகத்தோடு உலோகத்தைப் பிடிக்கவைப்பது பற்றவைத்தல். அதற்கு உதவும் பொடி பற்றாசு. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இன்று வெல்டிங் என்ற சொல்லே புழங்கினாலும், பற்றவைப்பு என்றால் புரியாத தொழிலாளி அங்கே இல்லை. சோறும் குழம்பும் ஒட்டிக் காய்ந்த பற்றுப் பாத்திரம், பேச்சில் பத்துப் பாத்திரம் ஆயிற்று. கையால் பிடிப்பதிலிருந்து உரிமையாகப் பிடித்துக்கொள்வது என்ற பொருள் கிளைத்தது. ஒருவர் அனுபவத்துக்கு விடப்பட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் சீவிதப்பற்று என்கின்றன. இலங்கையின் கிழக்கில் மண்முனைப்பற்று போன்ற ஊர்ப்பிரிவுப் பெயர்களில் அது இன்றும் நிற்கிறது. பிடித்துக்கொள்வதன் அடுத்த படி பெற்றுக்கொள்வது. பணம் பெற்றதற்கு எழுதித் தரும் சீட்டைப் பற்றுச்சீட்டு என்பது இந்தப் பொருளில்தான். கணக்குப் புத்தகத்தில் புகுந்த பற்றும் இதுவே. ஒருவர் பெற்றுக்கொண்டது அவருடைய பற்று.

'வரவு', 'செலவு' இரண்டும் பணத்துக்கு முன்பு மனிதர்களுக்கு உரியவையாக இருந்தன. வருதல் வரவு, செல்லுதல் செலவு. சங்க அகப்பாடல்களில் தலைவன் பொருள் தேடப் புறப்படுவது செலவு. புறப்பட எண்ணியவன் தலைவியின் துயர் கண்டு நின்றுவிடுவதைச் செலவழுங்குதல் என்றே ஒரு துறையாக்கினார்கள். பொருளுக்காக ஆள் போன செலவு, காலம் செல்லச் செல்லப் பொருளே போகும் செலவாயிற்று. வரவேற்பு என்ற சொல்லில் வரவு இன்னும் மனிதரோடு இருக்கிறது.

பற்றும் வரவும் ஒன்றாய்ச் சேர்ந்த இடம் கடன் கொடுத்து விற்கும் கடை. 'அவர்களோடு எனக்குப் பற்றுவரவு உண்டு' என்றால் கொடுக்கல் வாங்கல் உண்டு என்று பொருள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துத் தெருக்களில், தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் நடத்தும் மளிகைக் கடைகளில் இந்தப் பற்றுவரவு இன்னும் கண்ணால் காணக்கூடியது. "நோட்டுல எழுதிக்கோங்க, அண்ணாச்சி" என்று சொல்லி அரிசியும் எண்ணெயும் வாங்கிப் போகிறார்கள். பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்கிய நோட்டில் வீட்டுக்கு ஒரு பக்கம். வீட்டார் எடுத்துச் சென்ற சரக்கு அந்தப் பக்கத்தில் பற்று. சம்பளம் வந்ததும் கொண்டுவந்து கொடுக்கும் பணம் வரவு. இரண்டையும் கழித்தால் வருவது பாக்கி.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பற்று, வரவு இரண்டும் ஒரே நோட்டில் இருந்தாலும் அவற்றின் வினைக்கு உரியவர் வேறு வேறு. பற்றியவர் வாடிக்கையாளர், வரவு வந்தது கடைக்கு. ஒரு சொல் வாங்கியவரைப் பார்த்தும் மற்றொன்று கடைக்காரரைப் பார்த்தும் அமைந்திருக்கிறது. மாணவரின் தடுமாற்றத்துக்கு வித்து இங்கேதான் இருக்கிறது.

'என் பேரில் எழுதுங்கள்' என்பதும் இதே வழக்கு. பேரில் எழுதுவது என்றால் பற்று எழுதுவது. வட இந்திய வணிகரின் பஹிக் கணக்கிலும் பற்றுக்கு 'நாமே', அதாவது பேரில், என்றும், வரவுக்கு 'ஜமா' என்றும் பெயர். அங்கே ஜமா இடப்பக்கம், நாமே வலப்பக்கம். பள்ளியில் கற்பிக்கும் ஐரோப்பிய முறைக்கு நேர் எதிர். பேரேடு என்ற சொல்லைப் பெரிய ஏடு என்றும் பிரிக்கலாம், பேர்களுக்கு உரிய ஏடு என்றும் பிரிக்கலாம். இரண்டும் இலக்கணத்துக்கு ஒத்தவை. பேர்வாரியாகப் பக்கம் ஒதுக்கும் வேலையைப் பார்க்கும்போது இரண்டாவது மனத்துக்கு நெருக்கமாகப் படுகிறது.

ஐரோப்பிய முறை இத்தாலியிலிருந்து வந்தது. லூக்கா பச்சோலி என்னும் துறவி 1494-இல் வெனிசில் அச்சிட்ட கணித நூலின் ஒரு பகுதி இரட்டைப் பதிவு முறையை விளக்கியது. வெனிஸ் வணிகர் ஏற்கெனவே கையாண்ட முறையை அவர் எழுதி வைத்தார். டெபிட்டின் லத்தீன் வேருக்குத் தரவேண்டியது என்று பொருள். கிரெடிட்டின் வேருக்கு நம்பி ஒப்படைத்தது என்று பொருள். அந்தச் சொற்களும் ஆட்களுக்கு இடையிலான கடனிலிருந்தே பிறந்தவை. இன்று இந்தியாவில் 2013-ஆம் ஆண்டின் நிறுமச் சட்டம் இரட்டைப் பதிவு முறையிலேயே கணக்கு எழுத வேண்டும் என்று நிறுமங்களைக் கட்டாயப்படுத்துகிறது.

இந்த முறையைத் தமிழில் கற்பிக்க நேர்ந்தபோது டெபிட்டுக்குப் பற்றும் கிரெடிட்டுக்கு வரவும் வைக்கப்பட்டன. ஆள்சார் கணக்கில் எந்தச் சிக்கலும் இல்லை. பெறுபவரைப் பற்று வை, தருபவரை வரவு வை என்ற விதி அண்ணாச்சி கடை நோட்டேதான். ஆங்கிலத்தைவிட இது தெளிவானதும்கூட. ஆங்கிலத்தில் கிரெடிட்டில் விற்றால் வாங்கியவர் கணக்கை டெபிட் செய்ய வேண்டும். ஒரே சொல் இரு வேலை பார்த்து மாணவரைக் குழப்புகிறது. தமிழில் கடன் விற்பனை வேறு, வரவு வேறு. கடனுக்கு வாங்கியவர் பேரில் பற்று எழுதுவதில் யாருக்கும் மயக்கம் வராது.

மயக்கம் வருவது ரொக்கக் கணக்கில். உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே செல்வதை வரவு வை என்று இரண்டாவது விதி சொல்கிறது. வருவதை வரவு என்று அறிந்த தமிழ்ப் பிள்ளைக்கு இது தலைகீழாகப் படுவது நியாயமே. இங்கே வேர்ப்பொருள் கைகொடுக்கும். ஒருவர் 50,000 ரூபாய் போட்டு லேத் பட்டறை தொடங்குகிறார் என்று கொள்ளலாம். 'ரொக்கக் க/கு ப 50,000. முதல் க/கு 50,000' என்பது முதல் பதிவு; 'க/கு' என்பது கணக்கு. பணப்பெட்டியையும் நோட்டில் பக்கம் உள்ள ஓர் ஆளாக எண்ணினால் போதும். பெட்டி பணத்தைப் பற்றிக்கொண்டது. ஆகவே அதன் பேரில் பற்று. கொண்டுவந்து கொடுத்தவர் உரிமையாளர். ஆகவே அவருடைய முதல் கணக்கில் வரவு. வாடகை கொடுத்தால் வாடகைக் கணக்கு பற்றுகிறது, பெட்டி தருகிறது. தனித்தனி விதிகளாகப் பிரித்துச் சொல்லப்படுவதெல்லாம் பெற்றவர் யார், தந்தவர் யார் என்ற ஒரே கேள்விக்குள் அடங்கிவிடும்.

வீட்டில் இருக்கும் கைப்பேசி வேறொரு பாடம் நடத்துகிறது. பணம் எடுத்ததும் வங்கியிலிருந்து டெபிட் என்று செய்தி வருகிறது, போட்டால் கிரெடிட். பணம் போனால் பற்று, வந்தால் வரவு என்று பிள்ளை முடிவு கட்டிக்கொண்டு வகுப்புக்கு வருகிறார். அந்தச் செய்தி வங்கியின் பேரேட்டிலிருந்து பேசுகிறது. வங்கி நோட்டில் வாடிக்கையாளரும் ஒரு பேர்; பணம் எடுத்தவர் பற்றியவர், போட்டவர் தந்தவர். அதே பணத்தை வாடிக்கையாளர் தம் ஏட்டில் எழுதினால் பக்கம் மாறும்.

தொழிற்பேட்டைப் பட்டறைகளில் டெபிட் நோட் என்றாலே முகம் வாடுகிறது. சிறு பட்டறை கடைந்து அனுப்பிய உதிரிபாகங்களில் அளவு தவறியவற்றை வாங்கிய நிறுவனம் ஒதுக்கி, அவற்றின் விலைக்கு இந்தக் குறிப்பை அனுப்பும். சரக்கு தந்ததற்காக அந்நிறுவனத்தின் ஏட்டில் பட்டறையின் பேரில் வரவு நின்றது. ஒதுக்கியதைத் திருப்பிக் கொடுத்ததும் அவ்வளவுக்குப் பற்று விழுகிறது. பாடநூல் இதைப் பற்றுக் குறிப்பு என்கிறது. வெளித்திருப்ப ஏட்டைப் பற்றிய பாடத்தில் வரும் இச்சொல்லை, அம்பத்தூர்ப் பிள்ளைகள் பலர் அப்பா வாயால் ஆங்கிலத்தில் முன்பே கேட்டிருப்பார்கள்.

இலங்கைத் தமிழர் இதே முறைக்கு வேறு சொற்களைத் தேர்ந்தார்கள். அங்கே டெபிட் வரவு, கிரெடிட் செலவு. தமிழ்நாட்டில் வலப்பக்கம் நிற்கும் வரவு, பாக்கு நீரிணையைத் தாண்டியதும் இடப்பக்கம் போய்விடுகிறது. சென்னையில் பற்று அட்டை எனப்படுவது யாழ்ப்பாணத்தில் வரவட்டை. இதில் எவரும் தவறு செய்யவில்லை. இலங்கை வழக்கு பணப்பெட்டியிலிருந்து தொடங்குகிறது: கணக்குக்குள் வந்தது வரவு, வெளியேறியது செலவு. தமிழ்நாட்டு வழக்கு கடன் நோட்டிலிருந்து தொடங்குகிறது: வாங்கியவர் பற்று, அவர் தந்தது வரவு. முன்னது ரொக்கக் கணக்கில் எளிது, ஆள் கணக்கில் இடறும். பின்னது ஆள் கணக்கில் எளிது, ரொக்கத்தில் இடறும். இரு நாட்டு நூல்களையும் சேர்த்துப் படிப்பவர் எது எந்த நாட்டு நூல் என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எழுதி எழுதித் தேய்ந்த சொற்களுக்குக் கணக்கர்கள் கூட்டெழுத்து உண்டாக்குவது வழக்கம். பாடநூலின் 'க/கு' அப்படிப்பட்டது. ஓலையிலும் தாளிலும் பழைய கணக்கர்கள் நாளுக்கும் மாதத்துக்கும் ரூபாய்க்கும் தனிக்குறி வைத்திருந்ததுபோலப் பற்றுக்கு ௶ என்றும் வரவுக்கு ௷ என்றும் எழுதினார்கள். வகுப்பறைக்கு அவை வரவில்லை. 'ப', 'வ' அவற்றின் இடத்தை எடுத்துக்கொண்டன. ஆனால் 2003-இல் யூனிகோடின் நான்காம் பதிப்பு இரண்டையும் தமிழ் எழுத்து வரிசையில் சேர்த்துக்கொண்டது.