சுட்டா விழணும்

கைத்துப்பாக்கிப் பிரியர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்: 9 மில்லிமீட்டரா, .45-ஆ? ஒருத்தர் கிளாக் கட்சி. எடை குறைவு, மகசினில் தோட்டா அதிகம், சேற்றில் போட்டு எடுத்தாலும் சுடும் என்பார். இன்னொருத்தர் கோல்ட் 1911 கட்சி. "அதோட விசை மாதிரி வேற எதுலயும் வராது. அதைவிட முக்கியம், .45 பட்டா ஆள் நிக்க மாட்டான்" என்பார்.

நம்ம ஊரில் காற்றுத்துப்பாக்கிக்கே லைசென்ஸ் வேண்டும். அதனால் இந்தச் சண்டையை நம்மில் பலர் யூடியூப்பிலும் கணினி விளையாட்டிலும்தான் கேட்டிருப்போம். ஆனால் 'பட்டா ஆள் நிக்க மாட்டான்' என்ற அந்த வாக்கியத்துக்குப் பின்னால் இருக்கும் கடல் நமக்கு ரொம்பப் பக்கம். சூலு தீவுகளில் ஒன்றான ஜோலோ, மணிலாவைவிடச் சபாவின் சண்டாக்கானுக்குத்தான் கிட்டே இருக்கிறது.

1898-இல் ஸ்பெயின் 2 கோடி டாலருக்குப் பிலிப்பைன்ஸை அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. தெற்கே இருந்த முஸ்லிம் மக்களை ஸ்பானியர்கள் 'மோரோ' என்று அழைத்தார்கள். அமெரிக்கா 1899-இல் சூலு சுல்தானுடன் ஓர் உடன்படிக்கை செய்தது. 1904-இல் தானே அதை ரத்தும் செய்தது. மோரோக்கள் எதிர்த்துச் சண்டை போட்டார்கள்.

அப்போது அமெரிக்க ராணுவத்திடம் இருந்தது கோல்ட் .38 ரிவால்வர். அதன் குண்டு சுமார் 10 கிராம். கையில் கிரிஸ் கத்தியோடு ஓடி வருகிறவன்மேல் இரண்டு மூன்று குண்டு பட்டும் விழ மாட்டேன் என்கிறான் என்று புகார் வந்தது. கிடங்கில் கிடந்த பழைய .45 ரிவால்வர்களை எடுத்து அனுப்பினார்கள். அப்படி ஓடி வந்தவர்களை ஸ்பானியர்கள் 'ஹுராமெந்தாதோ' என்றார்கள், அதாவது சத்தியம் செய்தவன். நமக்குத் தெரிந்த 'அமோக்' என்ற மலாய்ச் சொல்லையும் வெள்ளைக்காரர்கள் அவர்கள்மேல் ஒட்டினார்கள். சூலு மக்கள் தங்கள் மொழியில் வைத்திருந்த பெயர் 'பாராங் சாபில்'. வெறி பிடித்து ஓடுவதைக் குறிக்கும் சொல் அல்ல அது. மண்ணையும் மதத்தையும் காக்கச் செய்யும் போர்.

புகார் பரிசோதனைக்குப் போனது. 1904-இல் சிகாகோ மாட்டுத்தொட்டியில் ஜான் தாம்சன் என்ற ராணுவ அதிகாரியும் லூயிஸ் லகார்ட் என்ற ராணுவ மருத்துவரும் உயிருள்ள மாடுகளையும் மனிதப் பிணங்களையும் பல அளவுக் குண்டுகளால் சுட்டுப் பார்த்தார்கள். பிணத்தைத் தொங்கவிட்டுச் சுட்டு, அது எவ்வளவு ஆடுகிறது என்று குறித்துக்கொண்டார்கள். பல மாடுகள் லேசில் விழவில்லை. சிலதைச் சம்மட்டியால் அடித்துத்தான் கொன்றார்கள். பொறியியல் படித்தவன் கண்ணுக்கு இது ரொம்பப் பலவீனமான சோதனை. மாடுகள் சில, சுட்ட இடைவெளிகள் வேறு வேறு. ஆனாலும் முடிவு தெளிவாக வந்தது: ராணுவக் கைத்துப்பாக்கியின் குண்டு .45 அங்குலத்துக்குக் குறையக்கூடாது.

அடுத்த வருஷம் அக்டோபரில், சமார் தீவில் அந்தோனியோ காஸ்பி என்ற கைதி தப்பிக்கப் பார்த்தார். கிட்டத்தில் வைத்து .38 ரிவால்வரால் நான்கு முறை சுட்டார்கள். மூன்று குண்டு மார்பில். அவர் விழவில்லை. துப்பாக்கிக் கட்டையால் நெற்றியில் அடித்துத்தான் பிடித்தார்கள். பிறகு ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார். லகார்ட் பின்னால் எழுதிய மருத்துவ நூலில் .38-இன் தோல்விக்கு இவர்தான் சாட்சி. ஆனால் சமார் மோரோ நாடே இல்லை, கத்தோலிக்கத் தீவு. மதவெறி, சத்தியம் என்ற விளக்கமெல்லாம் காஸ்பிக்குப் பொருந்தாது. அவருக்கு வெளியே போகணும், அவ்வளவுதான்.

ராணுவம் கேட்ட .45-க்குப் பதில் தந்தவர் ஜான் பிரௌனிங். 1907-இல் தொடங்கிய போட்டியில் ஜெர்மனியின் லூகர் விலகிக்கொள்ள, கோல்ட் நிறுவனத்துக்காக பிரௌனிங் வடிவமைத்ததும் சாவேஜ் நிறுவனத்தின் துப்பாக்கியும் மிஞ்சின. பிரௌனிங்கின் வேலை அழகானது. சுட்டவுடன் குழலும் ஸ்லைடும் பூட்டியபடியே பின்னால் வரும். ஒரு சின்ன இணைப்புத் துண்டு குழலைக் கீழே இழுத்துப் பூட்டைக் கழற்றும். ஸ்லைடு மட்டும் தொடர்ந்து போய் வெற்றுத் தோட்டாவை வெளியே எறிந்து, அடுத்ததை எடுத்து வரும். சுத்தியல் ஏற்கெனவே பின்னால் நிற்பதால் விசை அதை விடுவித்தால் போதும். அந்த விசை அவ்வளவு சுத்தமாக இருப்பது அதனால்தான். கட்டைவிரலால் போடும் பூட்டு குதிரைப்படை கேட்டு வந்தது. ஒரு கையில் கடிவாளம் இருக்குமே!

1911 மார்ச்சில் இரண்டிலும் 6000 குண்டு சுட்டார்கள். சாவேஜ் 37 முறை மக்கர் பண்ணியது. கோல்ட் ஒரு முறைகூட இல்லை. மார்ச் 29-இல் அதை ராணுவம் ஏற்றது.

இந்த 6000 என்ற எண் எனக்கும் பிடிக்கும். பிரச்சினை அதன்பின் சொல்லப்படும் கதையில்தான்: மோரோக்களை அடக்கியது 1911. காலக்கணக்கே இடிக்கிறது. ஜோலோவின் புட் டாஜோ மலையில் பெரும் படுகொலை நடந்தது 1906 மார்ச்சில். பழைய எரிமலைக் குழிக்குள் குடும்பங்களோடு தஞ்சம் புகுந்திருந்தவர்களை மலைப் பீரங்கியாலும் ரைஃபிளாலும் சுட்டார்கள். செத்தவர்கள் 600-க்கும் மேல். பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. அங்கே கைத்துப்பாக்கி எதையும் தீர்மானிக்கவில்லை.

பிறகு ஏன் கைத்துப்பாக்கிக் கதை மட்டும் நிலைத்தது? அந்தக் கதையில் அமெரிக்கச் சிப்பாய் தனி ஆள், எதிரே கத்தியோடு ஒருத்தன் ஓடி வருகிறான். யாருடைய வீட்டுக்குள் யார் நுழைந்தது என்பது அந்த நாலைந்து கெஜ தூரத்தில் மறைந்துபோகிறது. படையெடுத்து வந்தவன் தற்காத்துக்கொள்பவன் ஆகிவிடுகிறான். பீரங்கியை வைத்து இப்படி ஒரு கதை சொல்ல முடியாது.

1985-இல் அமெரிக்க ராணுவம் 9 மில்லிமீட்டர் பெரெட்டாவுக்கு மாறியது. சண்டை இன்னும் ஓயவில்லை. எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் அது எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்று கேட்பதற்கு முன்னால், 'இப்படி ஒன்று வேண்டும்' என்று முதலில் கேட்டது யார், எந்த இடத்தில் நின்றுகொண்டு கேட்டார்கள் என்று பார்க்கணும். 6000 குண்டு சிக்காமல் சுட்ட கதையைச் சொல்கிறவர்கள், நான்கு குண்டு வாங்கியும் வெளியே போகப் பார்த்த காஸ்பியையும் சேர்த்துச் சொல்லட்டும்.