தள்ளுபடி கேட்குற தைரியம் எப்ப வந்தது?

சென்னை ஷோரூம்ல ஸ்போர்ட்ஸ் காருக்கு நான் தள்ளுபடி கேட்டதும் அப்பா நெளிஞ்சார். வத்திராயிருப்புப் பக்கத்து மாட்டுச்சந்தையில், துண்டுக்குள்ள விரல் பிடிச்சுப் பேரம் முடிக்கிற மனுஷன்!

காரணம் வரலாறுதாங்க. லைசென்ஸ் ராஜ் காலத்தில் அம்பாசடர், பத்மினி, விட்டா சென்னையின் ஸ்டாண்டர்ட். பணம் கட்டிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கணும். சீக்கிரம் வேணும்னா கூடுதலா கொடுத்துப் பழைய காரை வாங்கணும். 1983ல் மாருதி 800க்குப் பதிவு செஞ்சவங்க லட்சத்துக்கும் மேல. யாருக்கு முதல்லனு குலுக்கல் வேற. இதுல தள்ளுபடியை யார்கிட்ட கேட்குறது?

1993ல் கார் தயாரிப்புக்கு உரிமம் தேவையில்லைன்னு ஆச்சு. 1998ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது. அப்புறம் வாங்குறவர் காத்திருந்தது போய், வண்டி காத்திருக்க ஆரம்பிச்சது.

எனக்கு எக்ஸ்-ஷோரூம் விலையில் பைசா குறையல. இன்சூரன்ஸை வெளியில போட்டுக்கிறேன்னதும்தான் சேல்ஸ்மேன் கால்குலேட்டரை எடுத்தார். அப்பா நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டார்.