கொடுமுடிக் கோகிலம்

திருவிழாக் காலத்தில் எங்கள் கெலிஓயாப் பக்கத்துக் கோயில்களிலே வைகறைப் பொழுதில் ஒலிபெருக்கி வைப்பது வழக்கம். நாதஸ்வர இசை முடிந்ததும் ஒரு பெண்மணியின் குரல் எழும். மலைச்சரிவில் மோதித் திரும்பிவரும் அந்தக் குரலைக் கேட்டுக் கண்விழித்த நாட்கள் எனக்குப் பல உண்டு. "பாடுவது யார்?" என்று சிறுவயதில் ஒருநாள் கேட்டபோது, "ஔவையார் பாடுகிறார், எழும்பு!" என்றார் என் பாட்டியார். அதை நான் நெடுங்காலம் உண்மையென்றே நம்பியிருந்தேன். மிஷன் பாடசாலையிலே தமிழாசிரியர் ஆத்திசூடி கற்பித்த அன்று, "இந்த ஔவையாரின் குரலை நான் கேட்டிருக்கிறேன், சேர்" என்று எழுந்து சொல்லி வகுப்பு முழுவதையும் சிரிக்க வைத்தேன். ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. "நீ கேட்டது கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரின் குரல். அவருடைய கதையையும் ஒருநாள் படித்துப் பார்" என்றார்.

அன்று அவர் இட்ட கட்டளையை இன்று, பல்கலைக்கழகத்தில் வரலாறு பயிலும் மாணவனாக, இம்மலரின் வாயிலாக நிறைவேற்ற முயல்கிறேன்.

ஆற்றங்கரையிலிருந்து அரங்குக்கு

காவிரிக் கரையிலே ஈரோட்டுக்கு அணித்தாய் அமைந்த தலம் கொடுமுடி. தேவாரம் பெற்ற அத்திருத்தலத்தில் 1908-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சுந்தராம்பாள் பிறந்தார். கே. பி. என்னும் தலைப்பெழுத்துகளிலே முன்னது ஊரையும் பின்னது அன்னை பாலாம்பாளையும் குறிக்கும். தந்தையின் பெயரைச் சூடுவதே வழக்கமாயிருந்த உலகில் ஊரும் தாயுமே அவருக்கு முகவரியாயின. இளமையிலேயே தந்தையை இழந்த அக்குடும்பத்தைத் தாயே தாங்கினார். வறுமை வாட்டியது. சிறுமி சுந்தராம்பாள் புகையிரதத்தில் பாடிப் பொருள் பெற்றார்.

பெட்டிக்குப் பெட்டி பாடிக்கொண்டு கையேந்தி வரும் சிறுவரை நம்மூர்ப் புகையிரதங்களிலும் நாம் கண்டிருக்கிறோம். சிலர் சதம் போடுவர். பலர் யன்னலுக்கு வெளியே பார்ப்பர். ஆனால் அன்று அந்தச் சிறுமியின் பாட்டைக் கேட்ட ஒருவர் அப்படிப் பார்க்கவில்லை. அவர்தாம் எஃப். ஜி. நடேசய்யர். புகையிரதப் பகுதியில் அதிகாரியாகவும், திருச்சி ரசிக ரஞ்சன சபையை நிறுவியவராகவும், தாமே ஒரு நடிகராகவும் விளங்கிய அவர், அக்குரலின் அருமையை உணர்ந்து சிறுமியை நாடக உலகில் சேர்ப்பித்தார் என்று வரலாறு கூறும். வேலு நாயரின் நாடகக் குழுவில் 'நல்லதங்காள்' நாடகத்துப் பிள்ளைகளுள் ஒன்றாய், பசியால் அழும் வேடத்திலே அவர் முதன்முதல் மேடையேறினார். பசியை அறிந்த பிள்ளைக்குப் பசித்து அழுவதற்கு ஒத்திகை தேவைப்பட்டிராது.

அக்கால நாடகத்தின் தன்மையை இன்றைய வாசகர் ஓரளவு அறிந்துகொள்ளல் வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் இயற்றிய 'வள்ளி திருமணம்' முதலிய நாடகங்கள் இரவு தொடங்கி விடியும் வரை நடைபெறும். வசனத்திலும் பாட்டே மிகுதி. வெவ்வேறு ஊர்களிலிருந்து நடிகர்கள் தனித்தனியே ஒப்பந்தமாகி வந்து, அன்றிரவே மேடையிற் சந்தித்து, பாட்டுக்குப் பாட்டும் சொல்லுக்குச் சொல்லும் எதிரெதிரே தொடுக்கும் ஸ்பெஷல் நாடகங்களும் இருந்தன. ஒலிவாங்கி பரவாத காலம் அது. கடைசி வரிசையிலே மண்தரையில் அமர்ந்திருப்பவன் காதிலும் பாட்டு விழ வேண்டும். ஆகவே நடிகர்கள் மிக உயர்ந்த சுருதியிலே பாடப் பழகினர். சுந்தராம்பாளின் சாரீரம் அந்த உலையிலே காய்ச்சி அடிக்கப்பட்ட இரும்பு.

ஈழம் தந்த மேடை

அவருடைய புகழ் வளர்ந்த நிலங்களுள் நமது இலங்கையும் ஒன்று என்பதை நம்மவரிற் பலர் அறியார். 1914-ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகையிரதத்தோடு இணைந்த கப்பற் சேவை தொடங்கிய பின்னர், தென்னிந்தியாவிலிருந்து கொழும்புக்கு வருதல் எளிதாயிற்று. அவ்வழியே தோட்டத் தொழிலாளர் வந்தனர், வணிகர் வந்தனர். நாடகக் கலைஞர்க்கும் அவ்வழி பயன்பட்டது. கொழும்பிலே துறைமுகத் தொழிலாளரும் வணிகரும் திரண்டு வந்து நாடகங்களை ஆதரித்தனர். சுந்தராம்பாள் இளம் வயதிலேயே இங்கு வந்து பல இடங்களில் நடித்தார். ஸ்திரீபார்ட் மட்டுமன்றி ராஜபார்ட், கள்ளபார்ட் ஆகிய ஆண் வேடங்களையும் ஏற்றார். ஊர்விட்டு வந்து உழைத்த மக்களுக்கு அந்தக் குரல் ஊரின் நினைவாயிருந்திருக்கும்.

எஸ். ஜி. கிட்டப்பாவை அவர் சந்தித்ததும் இத்தீவிலேதான். செங்கோட்டையில் 1906-இல் பிறந்த கிட்டப்பா, கன்னையா கம்பெனியின் நாடகங்களாற் பெரும்புகழ் பெற்றவர். 1920-களின் பிற்பகுதியிலே அவர் கொழும்புக்கு வந்தபோது, "அந்த அம்மாளோடு நடித்தால் உன் பாட்டு எடுபடாது" என்ற பொருள்பட அவரைச் சிலர் எச்சரித்தனர் என்று சொல்வர். எச்சரிக்கையைப் பொருட்படுத்தாது இருவரும் மேடையேறினர். போட்டி காண வந்தவர்கள் ஒரு பொருத்தத்தைக் கண்டனர். இருவரும் 1927-இல் மணம்புரிந்தனர். அதன்பின் 'வள்ளி திருமணம்' என்றாலே இவ்விருவருடைய பெயரும் நினைவுக்கு வருமாறு புகழ் ஓங்கியது. கிட்டப்பாவின் தமையனார் காசி ஐயரின் ஆர்மோனியமும் அப்புகழில் பங்குடையது.

வெள்ளைச் சேலை

வரலாறு எழுதப் புகுவோன் புகழ்மாலை மட்டும் தொடுத்து அமைதல் ஆகாது. கிட்டப்பா முன்னரே மணமானவர். அவருடைய குலத்தார் நாடகக்காரியை மருமகளாக ஏற்க மனங்கொள்ளவில்லை. பிறந்த மகவும் நிலைக்கவில்லை. இருவரிடையே பிணக்கு மூண்டது, பிரிந்தும் வாழ்ந்தனர். மேடையில் முருகனும் வள்ளியுமாய் நின்றவர்களின் வாழ்க்கை, மேடைக்கு வெளியே அத்துணை எளிதாய் முடியவில்லை. 1933-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் கிட்டப்பா காலமானார். அவருக்கு வயது 27, அம்மையாருக்கு 25.

அன்று முதல் அவர் நகைகளைத் துறந்து வெள்ளைக் கதராடை உடுத்தார். எந்த ஆடவருக்கும் இணையாக இனி நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அவ்வுறுதியிலிருந்து பிறழவில்லை.

இவ்விடத்தில் வாசகர் என்னைத் தவறாக விளங்கிக் கொள்ளலாகாது. கைம்மைக் கோலத்தை நான் போற்றவில்லை. பெண்களின் மேல் சமூகம் அதனை வலிந்து சுமத்தியது நம் வரலாற்றின் கறையே. ஆனால் அம்மையாரின் நிலை வேறு. "நாடகக்காரிதானே! இவளுக்கு ஏது கணவன்?" என்று ஏளனம் செய்யக் காத்திருந்த உலகம் அது. மனைவி என்னும் பெயரைத் தர மறுத்த அவ்வுலகின் முன், அப்பெயரைத் தம் துயரத்தாலேயே அவர் நிலைநாட்டினார். பிறர் சுமத்தும் தண்டனைக்கும் தானே தெரிந்துகொள்ளும் நோன்புக்கும் உள்ள வேற்றுமையை இங்கே காண்கிறோம்.

நந்தனாராய் நின்ற பெண்

சில காலம் அவர் மேடைப்பக்கமே வரவில்லை. சத்தியமூர்த்தி போன்ற தேசியத் தலைவர்கள் அவரை மீண்டும் பொதுவாழ்வுக்கு அழைத்தனர். நாடக நடிகர்கள் கதருடுத்தி, புராண நாடகத்தின் இடையிலும் விடுதலைப் பாட்டுப் பாடிச் சிறை சென்ற காலம் அது. அம்மையாரும் காங்கிரஸ் மேடைகளிற் பாடினார். கொடுமுடியில் அவர் இல்லத்திற்கு வந்த காந்தியடிகளுக்குப் பொற்றட்டிலே உணவு படைத்தாராம். "உணவு மட்டுந்தானா? தட்டு இல்லையா?" என்று அடிகள் வேடிக்கையாய்க் கேட்க, தட்டையும் உவந்து கொடுத்துவிட்டார் என்று கூறுவர். 1927 நவம்பரில் அடிகள் நம் கண்டி நகருக்கும் வந்து கதர் நிதி திரட்டியதை அறிந்தவர்களுக்கு இக்கதை வியப்பளிக்காது.

அப்போது பேசும்படம் பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. 'பக்த நந்தனார்' படத்திலே நடிக்குமாறு அம்மையாரை அணுகினர். அவருக்கு விருப்பமில்லை. கேட்டவர்கள் திரும்பிப் போகட்டும் என்று எண்ணி, எவரும் கேட்டிராத ஒரு இலட்சம் ரூபாவைக் கூலியாகக் கேட்டார் என்பர். அவர்களோ அதற்கும் இசைந்துவிட்டனர்! புகையிரதத்தில் பாடிக் காசு பெற்ற சிறுமி, இந்தியத் திரையுலகம் அதுவரை கண்டிராத கூலியைப் பெற்ற கலைஞராயினார்.

ஆயினும் இங்கே கருதத்தக்கது பணமன்று, வேடமே. ஆடவருக்கு இணையாக நடிப்பதில்லை என்ற நோன்பைக் காக்கத் தாமே ஆண்வேடம் பூண்டார். அதுவும் எந்த வேடம்? சேக்கிழார் பெருமான் திருநாளைப்போவார் என்று பாடிய அடியாரின் வேடம். கோபாலகிருஷ்ண பாரதியார் 19-ஆம் நூற்றாண்டிலே கீர்த்தனைகளால் மக்கள் மனத்தில் நிறுத்திய நந்தனாரின் வேடம். பிறப்பைக் காட்டித் தில்லைக்குப் போகவொட்டாது தடுக்கப்பட்ட அடியாராக, தொழிலைக் காட்டித் தாழ்வாக எண்ணப்பட்ட ஒரு பெண் நின்றார். வேதியராக நடித்தவர் சங்கீத உலகின் மேதை மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். படம் வெளிவந்தது 1935-இல். திருவிதாங்கூரிலே ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936-இல். மதுரை மீனாட்சியம்மன் ஆலயம் எல்லாருக்கும் திறந்தது 1939-இல். நந்தனார் வெளியே நின்று ஏங்கியது அன்று பழங்கதையன்று, அன்றாடச் செய்தி.

படத்தை எல்லாரும் பாராட்டினர் என்று சொல்லமாட்டேன். பேராசிரியர் கல்கி அதனைக் கடுமையாக எள்ளி எழுதினார். படமாக அது குறைபாடுடையதாயிருக்கலாம். ஆனால் அந்த வேடத்தை அவர் தெரிந்துகொண்ட செயல், வரலாற்று மாணவனாகிய எனக்கு எந்தப் படத்தினும் பெரிதாகத் தோன்றுகிறது.

ஔவையும் கவுந்தியும்

1940-இல் 'மணிமேகலை', அதன்பின் 1953-இல் ஜெமினி வாசன் தயாரித்து, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய 'ஔவையார்'. இளமையையும் அழகையும் துறந்து முதுமையை வேண்டிப் பெற்ற ஔவையின் கதை, இருபத்தைந்து வயதிலே வெள்ளுடை பூண்ட அம்மையாருக்கு எத்துணைப் பொருத்தம்! என் பாட்டியார் இருவரையும் ஒருவராக்கியதில் பிழையில்லை என்று இப்பொழுது நினைக்கிறேன். 1950-களில் அவர் சென்னைச் சட்ட மேலவையின் உறுப்பினருமாயினார். இந்தியத் திரைக்கலைஞருள் சட்டமன்றம் புகுந்த முதல்வர் என்று அவரைக் குறிப்பிடுவர்.

1964-இல் வந்த 'பூம்புகார்' இன்னொரு வியப்பு. எழுதியவர் பகுத்தறிவு இயக்கத்தைச் சேர்ந்த மு. கருணாநிதி. அம்மையார் பழுத்த முருக பக்தர். ஏற்ற வேடமோ சமணத் துறவியாகிய கவுந்தியடிகள். மூன்று கொள்கைகள் ஒரு படத்திலே கூடின; தமிழ் மூன்றையும் தாங்கியது. அடுத்த ஆண்டு ஏ. பி. நாகராஜனின் 'திருவிளையாடல்' படத்தில், கனி கிடைக்காமற் கோபித்து மலையேறிய முருகனைப் பாட்டினால் ஆற்றும் ஔவையாய் மீண்டும் தோன்றினார். எங்கள் ஊர் ஒலிபெருக்கியில் ஒலிப்பது பெரும்பாலும் அந்த அறுபதுகளின் குரலே. 'துணைவன்' படப் பாட்டுக்காக 1969-ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்குரிய தேசிய விருதும், 1970-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்று, 1980-இல் அம்மையார் மறைந்தார்.

நாம் செய்யவேண்டுவது

நான் அறிந்த ஓரூரிலே அண்மையில் கோயில் விழாவுக்கு 'வள்ளி திருமணம்' போட ஏற்பாடாயிற்று. இனிமையாகப் பாடக்கூடிய பெண்பிள்ளை ஒருத்தி அவ்வூரில் இருந்தாள். ஒத்திகைக்கும் வந்தாள். மூன்றாம் நாள் அவள் வரவில்லை. "கூத்தாடப் போனால் நாளைக்கு யார் கட்டுவான்?" என்று வீட்டார் மறித்துவிட்டனர். வள்ளியாக ஒரு பையன் நடித்தான். அன்று விடியற்காலை அதே கோயிலில் ஒலித்ததும் சுந்தராம்பாளின் குரல்தான்! அக்குரலைச் சந்நிதியிலே வைத்து வணங்குகிறோம்; அக்குரலைத் தேடி நம் தங்கை எழுந்தால் கதவைச் சாத்துகிறோம். இது முறையா?

இளைஞர் சங்கத்தைச் சேர்ந்த நண்பர்களே! அம்மையாருக்கு மண்டபமும் சிலையும் எழுப்ப நம்மிடம் பொருளில்லை. அவை வேண்டியதுமில்லை. அடுத்த விழாவுக்கு நாடகம் எடுக்கும்போது, பாடத் தெரிந்த பெண்பிள்ளையின் வீட்டுக்கு நம்மில் பெரியவர் நால்வர் சென்று, "அம்மா, அவளை எங்கள் பொறுப்பிலே அனுப்புங்கள், கண்ணியத்தோடு கொண்டுவந்து விடுகிறோம்" என்று கேட்கலாம். அங்ஙனம் கேட்டதோடு அமையாது, சொன்ன சொல்லையும் காத்தல் வேண்டும். ஒத்திகையிற் கேலி பேசுபவனை வெளியே நிறுத்தவும் நமக்குத் துணிவு வேண்டும்.

புகையிரதத்திலே பாடிய சிறுமியை ஒருவர் செவிகொடுத்துக் கேட்டார். அதனால் ஓர் ஔவையார் நமக்குக் கிடைத்தார். நம்மூரில் பாடும் பிள்ளைக்கு நாமும் செவிகொடுப்போமாக.