உறங்காத சிவப்பு விளக்கு

மலாயா மண்ணில் மின்சாரம் முதன்முதலாகக் கால்வைத்தது மாளிகைகளை அலங்கரிப்பதற்கன்று. 1894ஆம் ஆண்டில் ரவாங் ஈயச் சுரங்கத் தொழிலுக்காகவே அது வந்தது. அதனைக் கொணர்ந்தோர் சீனப் பெருவணிகர் லோக் இயூவும், நம் தமிழ்ப் பெருமகனார் தம்புசாமிப் பிள்ளையும் ஆவர். உழைப்பதற்கென்றே அழைக்கப்பட்ட ஆற்றல் அது.

எனது பிள்ளைப் பருவத்தில் தோட்டத்து லயங்களிலும் இந்நெறியே நிலவியது. மாலையில் ஜெனரேட்டர் முழங்கும், விளக்குகள் எரியும். இரவில் குறித்த நேரத்தில் அது நின்றுவிடும். லயம் முழுவதும் இருளில் ஆழும். மனிதர் உறங்கும்போது மின்சாரமும் உறங்கியது.

சில ஆண்டுகளுக்கு முன் பள்ளியில் நான் கண்ட காட்சி இதற்கு நேர்மாறானது. ஆண்டிறுதி விடுமுறைக்கு முன் தொலைக்காட்சிப் பெட்டியை என் கையாலேயே ரிமோட்டினால் 'அணைத்து' அறையைப் பூட்டினேன். ஆறு வாரங்கள் கழித்துக் கதவைத் திறந்தபோது, இருண்ட அறையில் சின்னஞ்சிறு சிவப்பு விளக்குகள் சில என்னை வரவேற்றன. தொலைக்காட்சி, ஒலிபெருக்கி, கணினித்திரை ஆகிய யாவும் ஒருவருமற்ற அறையில் விழித்தே இருந்திருக்கின்றன. 'வெளியேறும்போது மின்சாரத்தை அணையுங்கள்' என்று மாணவர்க்கு நாள்தோறும் கூறிய நானே அணைக்கவில்லை. அணைத்தல் என்ற சொல் தன் பொருளை எப்போது இழந்தது? இவ்வினாவிற்கு விடை வரலாற்றில் உள்ளது.

பழைய வானொலியின் விசையைத் திருப்பினால் மின்னோட்டம் உண்மையாகவே அறுபட்டது. ரிமோட் இந்நிலையை மாற்றியது. 1956இல் அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம், ராபர்ட் ஆட்லர் வகுத்த மீயொலி ரிமோட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வியப்பு யாதெனில், அந்த ரிமோட்டில் மின்கலமே இல்லை. சிறு சுத்தியல் உலோகத் தண்டுகளைத் தட்ட எழும் ஒலியே கட்டளையாயிற்று. ஆயினும் தொலைவிலிருந்து எழுப்பும் குரல் கேட்கவேண்டுமாயின், கேட்கும் செவி விழித்திருத்தல் வேண்டும் அன்றோ? அவ்வாறு, உறங்கும் கருவிக்குள் உறங்காத பகுதி ஒன்று குடியேறியது.

வெற்றிடக் குழாய்கள் சூடேறுவதற்குச் சில வினாடிகள் ஆகும். அப்பொறுமையும் மனிதனுக்கு இல்லாமற் போயிற்று. எனவே குழாய்களை எப்போதும் வெதுவெதுப்பாக வைத்திருக்கும் 'உடனடித் தொடக்க'த் தொலைக்காட்சிகள் அமெரிக்காவில் 1960களிலும் 1970களிலும் விற்கப்பட்டன. டிரான்சிஸ்டர் பரவியபின் அத்தேவை மறைந்தது, பழக்கம் மறையவில்லை. வீடியோ கருவியின் கடிகாரம், கைப்பேசியின் மின்னேற்றி, கணினியின் அச்சுப்பொறி என உறங்காத கருவிகள் பெருகின.

கண்ணுக்குத் தெரியாத இவ்விழப்பினை அளந்து காட்டினோருள் முதன்மையானவர், கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆலன் மையர். அவரும் உடன் ஆய்வாளரும் கலிபோர்னியாவில் பத்து வீடுகளை அளந்து 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். காத்திருப்பு நிலையில் மட்டும் ஒரு வீடு சராசரியாக 67 வாட் உண்டது. ஆண்டு மின்பயன்பாட்டில் 5 முதல் 26 விழுக்காடு வரை இவ்வாறு கழிந்தது.

அளவு தெரிந்தபின் சட்டம் பின்தொடர்ந்தது. எக்கருவியும் காத்திருப்பில் 1 வாட்டினை மீறலாகாது என்று மையர் விடுத்த கருத்தை, 1999இல் பன்னாட்டு எரிசக்தி முகமை ஏற்றது. 2001இல் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ், அரசு அலுவலகங்கள் அத்தகைய கருவிகளையே வாங்கவேண்டும் என ஆணையிட்டார். ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் விதி இயற்றியது; 2010இல் 1 வாட், 2013இல் அரை வாட் எனப் பல கருவிகளுக்கு வரம்பு இறுகியது. காட்சித்திரை உள்ளவற்றிற்கு இதனினும் சற்றுக் கூடுதல் அளவு ஒதுக்கப்பட்டது.

சட்டம் புதிய கருவிகளைத் திருத்தும். வீட்டிலுள்ள பழைய கருவிகளை என் செய்வது? இங்கேதான் மின்சிக்கனப் பலகை துணைக்கு வருகிறது. நாம் 'எக்ஸ்டென்ஷன்' என வழங்கும் பல துளைப் பலகையின் வழித்தோன்றல் இது. இதில் ஒரு துளை தலைமைத் துளை. அதில் தொலைக்காட்சியைச் செருகவேண்டும். தொலைக்காட்சி உண்ணும் மின்னோட்டம் குறைந்ததும் பலகை அதனை உணர்ந்து, ஏனைய துளைகளில் உள்ள ஒலிபெருக்கி, விளையாட்டுக் கருவி முதலியவற்றைத் தானே துண்டிக்கும். எப்போதும் விழித்திருக்கவேண்டிய கருவிகளுக்கெனத் தனித்துளைகளும் உண்டு.

எனினும் எச்சரிக்கை தேவை. தலைமைத் துளையில் உள்ள கருவியின் காத்திருப்பை இப்பலகை நிறுத்துவதில்லை. தானும் சிறிதளவு மின்சாரத்தை உண்ணும். விளக்குள்ள புரொஜெக்டரின் விசிறி நிற்குமுன் மின்சாரத்தைத் துண்டித்தல் கூடாது. குளிர்பதனப் பெட்டியை இத்தகைய பலகையில் இணைப்பதும் தகாது. நம் நாட்டுச் செருகியின் 13 ஆம்பியர் வரம்பு ஏறத்தாழ 3,000 வாட். ஒரே பலகையில் சூடேற்றும் கருவிகளை அடுக்குவது தீயை அழைப்பதாகும்.

ஈண்டு நம் நாட்டாரின் நற்பேறு ஒன்றையும் குறிப்பிடல் வேண்டும். அமெரிக்க வீடுகளின் சுவர்த்துளைகளில் பெரும்பாலும் விசை இருப்பதில்லை. ஆதலின் அங்கே பலகையின் விசை இன்றியமையாதது. ஆங்கிலேய முறையைத் தழுவிய மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சுவர்த்துளைக்கு அருகிலேயே விசை அமைந்திருத்தல் வழக்கம். காசு கொடுத்து வாங்கவேண்டியதில்லை. கையை நீட்டினாற் போதும். அலமாரிக்குப் பின்னால் கை எட்டாத விசைக்குப் பதிலாகவே பலகையை நாடலாம்.

மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓர் அறையின் கருவிகள் சேர்ந்து 10 வாட் உண்பதாகக் கொள்வோம். ஆண்டிற்கு 8,760 மணி, ஆக 87.6 யூனிட். ஓர் அறைக்கு இது சிறு தொகைதான். நாட்டின் எல்லா அறைகளுக்கும் பெருக்கிப் பார்த்தால், எவருக்கும் பயன்படாமல் எரிந்த நிலக்கரியும் எரிவாயுவும் கண்முன் தோன்றும்.

இப்போது எங்கள் பள்ளியில், இறுதி மணி அடித்தபின் இரு மாணவர் அறைதோறும் சென்று சுவர் விசைகளைப் பார்த்து வருகின்றனர். அவர்களுக்கு நான் கற்பித்த விதி ஒன்றே: சிவப்பு விளக்கு எரிந்தால், இன்னும் அணைக்கவில்லை என்று பொருள்.