பாங்சாவ் கணவாயைக் கடந்தவர்கள்

மோட்டார் வாகனத்தையே வீடாக்கிக்கொண்டு நாடு விட்டு நாடு தரைவழியாகச் செல்லும் பயணிகள் இன்று உலகெங்கும் பெருகியுள்ளனர். வாகனக் கூரையிலே கூடாரம், பின்புறத்திலே அடுப்பும் தண்ணீர்த் தாங்கியும், முன்புறத்திலே சேற்றில் புதைந்தால் இழுத்தெடுக்கும் வின்ச் எந்திரம் என்று அவர்கள் தங்கள் வாகனங்களைப் பல மாத வாழ்க்கைக்கு ஏற்றவாறு ஆயத்தம் செய்கின்றனர். இத்தகையோர் ஆண்டுதோறும் ஒன்றுகூடும் பெருவிழாக்களும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 2009 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஓவர்லாண்ட் எக்ஸ்போ அவற்றுள் பெயர் பெற்றது. இந்த விழாக்களுக்கு வருவோர் தங்கள் முன்னோடிகளாகப் போற்றும் பயணங்களுள் தலையாயது, 1955 ஆம் ஆண்டு லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்ட ஆறு மாணவர்களின் பயணமாகும்.

அப்பயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் நிறையவே எழுதப்பட்டுவிட்டது. எனினும், அவர்கள் கடந்து சென்ற ஒரு மலைக்கணவாயின் கதை தமிழர்களாகிய எமக்கு வேறொரு விதமாகவும் சொல்லப்பட வேண்டியது என்று நான் கருதுகிறேன். இக்கட்டுரையின் நோக்கம் அதுவே.

1955 செப்டெம்பர் 1 ஆம் திகதி லண்டன் ஹைட் பார்க் முனையிலிருந்து இரண்டு லாண்ட் ரோவர் வாகனங்கள் புறப்பட்டன. கருநீல வாகனத்துக்கு 'ஒக்ஸ்போர்ட்' என்றும், இளநீல வாகனத்துக்கு 'கேம்பிரிட்ஜ்' என்றும் பெயர். அவ்விரு பல்கலைக்கழகங்களையும் சேர்ந்த ஆறு இளைஞர்கள் அவற்றிற் பயணம் செய்தனர். மாணவர்களாகிய அவர்களிடம் பணவசதி இருக்கவில்லை. வாகனங்களை உற்பத்தியாளர் வழங்கினர். ஏனைய தேவைகளுக்கு வர்த்தக நிறுவனங்கள் பல கைகொடுத்தன. பி.பி.சி. தொலைக்காட்சியில் அக்காலத்தில் இளம் தயாரிப்பாளராக இருந்த டேவிட் அட்டன்பரோ, பயணத்தைப் படம் பிடிப்பதற்குரிய படச்சுருள் கிடைக்க வழிசெய்தார்.

அந்த அறுவருள் மூவரைப் பற்றியேனும் இங்கு குறிப்பிட வேண்டும். பயணத்தின் எண்ணத்தை முதலில் விதைத்தவர் ஏட்ரியன் கொவெல். படப்பிடிப்பாளராகச் சென்றவர் அன்ரனி பாரிங்டன் பிறவுண். டி.என்.ஏ. மூலக்கூறின் மாதிரியுருவுக்கு அருகே வாட்சனும் கிரிக்கும் நிற்கும் புகழ்பெற்ற புகைப்படத்தை 1953 இல் எடுத்தவர் இவரே. பயணக் கதையை நூலாக எழுதியவர் டிம் ஸ்லெஸ்ஸர். 1957 இல் வெளிவந்த அந்நூலுக்கு முன்னுரை வழங்கியவரும் அட்டன்பரோதான்.

ஐரோப்பாவைக் கடந்து, துருக்கி, ஈராக், ஈரான், பாகிஸ்தான், இந்தியா, நேபாளம் எனப் பல நாடுகளுக்கூடாக அவர்கள் வந்தனர். வழியில் மணலும் சேறும் இருந்தன. எனினும் வீதியென்று சொல்லத்தக்க ஏதோ ஒன்று எங்கும் இருந்தது. உண்மையான சிக்கல் இந்தியாவின் கிழக்கு எல்லையிலேயே காத்திருந்தது. அசாமையும் பர்மாவையும் பிரிக்கும் பட்காய் மலைத்தொடரைக் கடந்து சிங்கப்பூர் வரை மோட்டார் வாகனத்தை ஓட்டிச் சென்றவர் அதற்கு முன்னர் எவருமில்லை என்றே அறியப்பட்டிருந்தது. அம்மலைத்தொடரில் சுமார் 3,700 அடி உயரத்தில் இருப்பது பாங்சாவ் கணவாய். அதன் வழியே ஒரு வீதி இருந்தது. அவ்வீதி எவ்வாறு வந்தது என்பதைப் பார்ப்பதற்கு நாம் 1942 ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

பிரித்தானியர் ஆட்சியில் பர்மா, தென்னிந்தியத் தொழிலாளர்களுக்கும் வணிகர்களுக்கும் பிழைப்புத் தேடிச் செல்லும் நாடாக விளங்கியது. 1931 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி பர்மாவில் 10 இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் வாழ்ந்தனர். தலைநகர் ரங்கூனின் மக்களில் அரைவாசிக்கு மேற்பட்டோர் இந்தியரே. துறைமுகத்திலும் அரிசி ஆலைகளிலும் உழைத்த தெலுங்கரும் தமிழரும் ஒரியரும், வட்டித் தொழில் நடத்திய செட்டியார்களும், அரசாங்க அலுவலகங்களில் பணிபுரிந்த வங்காளியரும் அவர்களுள் அடங்குவர்.

1941 டிசம்பர் 23 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு வீசின. 1942 மார்ச் 8 ஆம் திகதி நகரம் வீழ்ந்தது. கப்பல் வழி அடைபட்டதும் இந்தியர் வடக்கும் மேற்கும் நோக்கி நடக்கத் தொடங்கினர். அராக்கான் மலை வழியே ஒரு பகுதியினர். தமு ஊடாக மணிப்பூருக்கு மற்றொரு பகுதியினர். வேறு வழியற்று வடகோடிவரை தள்ளப்பட்டவர்கள் ஹூகாங் பள்ளத்தாக்கையும் பாங்சாவ் கணவாயையும் கடந்து அசாமின் லெடோவுக்கு. சிலர் தங்கள் கடை கண்ணிகளைப் பூட்டிச் சாவியை மடியிற் கட்டிக்கொண்டு நடந்திருப்பர். பலருக்குப் பூட்டுவதற்கு எதுவுமே இருந்திராது. சுமார் 5 இலட்சம் இந்தியர் அந்த ஆண்டில் பர்மாவை விட்டு வெளியேறினர் எனக் கணிக்கப்படுகிறது. அவர்களுட் பெரும்பாலோர் கால்நடையாகவே வந்தனர்.

மே மாதத்தில் பருவமழை தொடங்கியது. ஹூகாங் பாதை இடுப்பளவு சேறாயிற்று. மலேரியாவும் வயிற்றுளைச்சலும் பசியும் மக்களை வழியிலேயே வீழ்த்தின. ஷிங்பவியாங் என்னும் இடத்திலே ஆறுகள் பெருக்கெடுத்ததால் மேலே செல்ல இயலாது பல மாதங்கள் தேங்கி நின்றோர் ஆயிரக்கணக்கில். வழியில் மாண்டோரின் தொகையைச் சிலர் 10,000 என்றும் வேறு சிலர் 50,000 என்றும், அதற்கு மேல் என்றும் கூறுவர். பெயர் பதியாது நடந்தவர்களுக்குப் பெயர் பதியாத மரணம். மணிப்பூர் வழியில் வெள்ளையருக்கு ஒரு பாதை, இந்தியருக்கு வேறொரு பாதை என்று பாகுபாடு காட்டப்பட்டதாக எழுந்த குற்றச்சாட்டு அக்காலத்தில் இந்தியாவெங்கும் பெரும் கொதிப்பை ஏற்படுத்தியது. மறுபுறத்தில், அசாம் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட தொழிலாளர்கள் இந்த அகதிகளுக்கு வழி திருத்தியும் உணவு சுமந்தும் உதவினர் என்பதும் மறக்கத்தக்கதன்று. தேயிலைக் கொழுந்து பறிக்கும் கரங்களின் வரலாற்றை அறிந்த எம்மவர்க்கு இதன் பொருள் விளங்கும்.

அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்கப் படையினர் லெடோவிலிருந்து வீதி அமைக்கத் தொடங்கினர். யப்பானியரால் முற்றுகையிடப்பட்ட சீனாவுக்குத் தரைவழியே தளபாடங்கள் அனுப்புவது அதன் நோக்கம். 1943 பெப்ரவரி இறுதியில் வீதி பாங்சாவ் கணவாயை அடைந்தது. அந்த ஆண்டின் டிசம்பரில் ஷிங்பவியாங்கை அடைந்தது. அகதிகள் நடந்த அதே தடத்திலேயே பெரும்பாலும் வீதி சென்றது. காட்டை வெட்டிச் சென்றோர் வழியோரத்தில் முந்திய ஆண்டின் எலும்புக்கூடுகளைக் கண்டனர். சுமார் 15,000 அமெரிக்கப் படையினர் இவ்வேலையில் ஈடுபட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அவர்களோடு 35,000 உள்ளூர்த் தொழிலாளரும் பாடுபட்டனர். 1,100 அமெரிக்கர் உயிரிழந்தனர். மைலுக்கு ஒரு மனிதன் என்று அந்த வீதியைப் பற்றிச் சொல்வது வழக்கமாயிற்று. உள்ளூர்த் தொழிலாளர் பலரும் மாண்டனர். அவர்களை மைற்கணக்கில் எவரும் எண்ணவில்லை.

1945 ஜனவரி 12 ஆம் திகதி 113 வாகனங்களைக் கொண்ட முதலாவது தொடரணி லெடோவிலிருந்து புறப்பட்டு, பெப்ரவரி 4 ஆம் திகதி சீனாவின் குன்மிங் நகரை அடைந்தது. சுமார் 15 கோடி டொலர் செலவில் அமைக்கப்பட்ட அவ்வீதி தளபதி ஸ்டில்வெல்லின் பெயரைப் பெற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் யுத்தம் முடிந்தது. வீதியின் தேவையும் முடிந்தது. மழையும் காடும் அதனை மெல்ல மெல்ல விழுங்கத் தொடங்கின.

காடு முழுவதையும் விழுங்கி முடிப்பதற்குள் வந்து சேர்ந்தவர்களே அந்த ஆறு மாணவர்கள். 1956 இன் தொடக்கத்தில், பாலங்கள் இடிந்தும் மண் சரிந்தும் கிடந்த ஸ்டில்வெல் வீதியில் தங்கள் லாண்ட் ரோவர்களைச் செலுத்தி, பாங்சாவ் கணவாயைக் கடந்து மியிச்சீனாவை அடைந்தனர். பின்னர் ஷான் மலைகளுக்கூடாகத் தாய்லாந்துக்கும், அங்கிருந்து மலாயாவுக்கும் சென்று, மார்ச் 6 ஆம் திகதி சிங்கப்பூரில் பயணத்தை முடித்தனர். லண்டனை விட்டு ஆறு மாதங்களும் ஆறு நாட்களும் கடந்திருந்தன.

அவர்களின் துணிவையும் உழைப்பையும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆயினும், அவர்களுக்கு வாய்த்தது ஒரு சிறு காலவெளி என்பது கவனிக்கத்தக்கது. யுத்தம் அமைத்த வீதி இன்னும் அழியவில்லை. பர்மாவின் உள்நாட்டுக் கிளர்ச்சிகள் வழியை முற்றாக அடைக்கவில்லை. இரு அரசுகளும் அனுமதி வழங்கும் நிலையில் இருந்தன. 1962 மார்ச் 2 ஆம் திகதி தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றியதும் கதவு சாத்தப்பட்டது. வெளிநாட்டவர்க்குரிய நுழைவனுமதி 24 மணித்தியாலமாகக் குறுகியது. கொவெல் பின்னர் ஷான் மாநிலத்துக்குத் திரும்பவும் சென்றார். ஆனால் கிளர்ச்சியாளரின் துணையோடுதான் செல்ல முடிந்தது. அபின் வணிகத்தைப் பற்றிய அவரது ஆவணப்படம் 1974 இல் வெளிவந்தது.

அதே நே வின் ஆட்சி 1964 இல் கடைகளைத் தேசியமயமாக்கியது. உயர் பெறுமதியுள்ள பணத்தாள்களைச் செல்லாதவையாக்கியது. இந்திய வம்சாவளியினர் இலட்சக்கணக்கில் மீண்டும் வெளியேறினர். இலங்கையில் மலையகத் தமிழரைப் பங்கிட்டுக்கொண்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானதும் 1964 ஒக்டோபரிலேயே என்பதை வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. பர்மாவிலிருந்து கப்பலில் சென்னையில் வந்திறங்கிய தமிழருட் சிலருக்கு அங்கு வாழ வழி தெரியவில்லை. பிறந்த மண்ணுக்கே திரும்பிவிட எண்ணி அவர்கள் தரைவழியாக வடகிழக்கு நோக்கிப் புறப்பட்டனர். மணிப்பூரின் எல்லையூரான மோரேக்கு அப்பால் செல்ல பர்மிய அதிகாரிகள் அவர்களை விடவில்லை. தடுக்கப்பட்ட இடத்திலேயே அவர்கள் குடியேறினர். கோயில் கட்டினர், தமிழ்ச் சங்கம் அமைத்தனர். மோரேயில் தமிழ்ச் சமூகம் உருவான வரலாறு இதுவே. 1942 இல் மேற்கு நோக்கி நடந்த மக்களின் வழியில் 1960 களில் கிழக்கு நோக்கி வந்தவர்கள் இவர்கள். இரு பயணங்களுக்கும் தரைவழிப் பயண நூல்களில் இடமில்லை.

வீதியின் இயல்பைப் பற்றி நான் கற்ற பாடம் எங்கள் நாட்டிலேயே கிடைத்தது. 1990 முதல் மூடிக்கிடந்த ஏ-9 வீதி 2002 இல் திறக்கப்பட்டபோது செய்தியாளனாக அவ்வழியே யாழ்ப்பாணம் சென்றேன். வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் 100 மைலுக்கும் குறைவு. ஓமந்தையில் ஒரு தரப்பும் முகமாலையில் மறுதரப்புமாக, கடக்க வேண்டிய சோதனை நிலையங்கள் பல. எங்கள் வாகனத்தின் வலிமையைப் பற்றி எவரும் கேட்கவில்லை. கையிலிருந்த கடதாசிகளைப் பற்றியே கேட்டனர். அருகே, பழைய துவிச்சக்கரவண்டியோடு வரிசையில் நின்ற முதியவரிடமும் அதையே கேட்டனர். 2006 ஆகஸ்டில் அவ்வீதி மீண்டும் மூடப்பட்டபோது எந்த வாகனத்தாலும் எதுவும் செய்ய இயலவில்லை.

'ஒக்ஸ்போர்ட்' வாகனத்தின் பிற்காலமும் சுவையானது. அது அற்லாண்டிக் சமுத்திரத்திலுள்ள அசென்ஷன் தீவுக்குப் பறவை ஆய்வாளர்களோடு சென்றது. பின்னர் சென் ஹெலினா தீவில் கைவிடப்பட்டுக் கிடந்தது. 2017 இல் மீட்கப்பட்டுப் பிரித்தானியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. மற்றைய வாகனமான 'கேம்பிரிட்ஜ்' பிந்திய பயணமொன்றில் பள்ளத்தில் வீழ்ந்து அழிந்துவிட்டது. 2019 ஆகஸ்டில் 'ஒக்ஸ்போர்ட்' மீண்டும் ஓடியது. இம்முறை சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு. 87 வயதான ஸ்லெஸ்ஸரும் அதில் செல்லவிருந்தார். புறப்படும் தறுவாயில் நோயுற்றமையால் அவரது இடத்தில் பேரன் சென்றார். டிசம்பரில் வாகனம் லண்டனை அடைந்தது.

இப்பயணமும் இன்னொரு சிறு காலவெளியிலேயே நிகழ்ந்தது. மோரே - தமு எல்லை 2018 ஆகஸ்டில்தான் பன்னாட்டுக் கடவையாகத் திறக்கப்பட்டிருந்தது. 2020 இல் கொரோனா. 2021 பெப்ரவரியில் மியன்மாரில் இராணுவப் புரட்சி. 2023 மே மாதம் மணிப்பூரில் இனக்கலவரம், அதில் மோரேயும் எரிந்தது. 2024 பெப்ரவரியில் எல்லை மக்களின் தடையற்ற நடமாட்டத்தை முடிவுக்குக் கொண்டுவருவதாக இந்திய அரசின் அறிவிப்பு. இரண்டு ஆண்டுகள் தாமதித்திருந்தால் அப்பயணம் அவ்வழியே நடந்திருக்க மாட்டாது.

பாங்சாவ் கணவாயின் இந்தியப் பக்கத்திலே, அருணாசலப் பிரதேசத்தின் நம்பொங் என்னும் சிற்றூரில் 2007 முதல் ஜனவரி மாதக் குளிர்கால விழா ஒன்று நடத்தப்பட்டு வருகிறது. மலைவழி வாகனங்களை ஓட்டிக்கொண்டு அங்கு செல்வோர் ஸ்டில்வெல் வீதியின் கதையைக் கேட்டுத் திரும்புவர். நல்லதுதான். அந்த வீதிக்குத் தளபதியின் பெயர் இருக்கிறது. அதைக் கடந்த வாகனங்களுக்கும் பெயர் இருக்கிறது. அதற்கு முன்னர் மழையில் அவ்வழியே நடந்த கூலித் தொழிலாளியையும், அவன் தோளிலிருந்த பிள்ளையையும் அங்கு ஒரு நாழிகையேனும் நினைப்பார்களானால், கணவாயின் வரலாறு ஓரளவு நிறைவு பெறும்.