அடையாறு: பிறந்த இடமும் பெற்ற பெயரும்

செங்கற்பட்டிலிருந்து சென்னைக்கு இருப்புப்பாதை வழியே செல்வோர் பொத்தேரி, கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம் என்னும் நிலையங்களைக் கடப்பர். பொத்தேரி என்னும் பெயரிலேயே ஓர் ஏரி இருக்கிறது. ஆறு ஏதும் கண்ணிற் படுவதில்லை. ஆயினும், தென்சென்னையைத் தழுவிக் கடலிற் கலக்கும் அடையாறு இந்நிலையங்களுக்கு மேற்கேயுள்ள சிற்றூர்ப் புறங்களிலேதான் பிறக்கிறது. ஆதனூர் ஏரியே அதன் தலை என்பர் சிலர். மணிமங்கலத்தை அடுத்த மலைப்பட்டு ஏரி என்பர் வேறு சிலர். இக்கருத்து வேறுபாடே ஓர் உண்மையை உணர்த்துகிறது. மலையில் ஊற்றெடுத்த ஆறன்று இது. ஏரிகள் ஈன்ற ஆறு.

வடகிழக்குப் பருவமழையில் ஓர் ஏரி நிறையும். மதகு வழியே சென்ற நீர் வயலுக்கு. கலங்கல் வழிந்த நீர் அடுத்த ஏரிக்கு. இவ்வாறு ஏரிக்கு ஏரி கைமாறிய உபரிநீர் ஒன்றுகூடி, மண்ணிவாக்கம், முடிச்சூர்ப் பக்கமாக வடக்கு நோக்கி ஓடுகிறது. திருநீர்மலைப் பகுதியில் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரும் சேர்ந்த பின்னரே அது ஆறெனத்தக்க அகலம் பெறுகிறது. மொத்த நீளம் ஏறத்தாழ 42 கிலோமீட்டர்தான்.

இனிப் பெயரைக் காண்போம். அடையாறு என்னும் ஊர் ஆறு தொடங்குமிடத்தில் இல்லை, முடியுமிடத்தில் இருக்கிறது. கோடையில் முகத்துவாரத்தை மணல்மேடு அடைத்துவிடுவதால் 'அடையாறு' ஆயிற்று எனப் பொருள் கொள்ள மனம் அவாவும். பொருத்தமான விளக்கமே, எனினும் பொருத்தம் வேறு, சான்று வேறு.

இக்கரைகள் கண்ட இரு போர்களை ஒப்பிடுவோம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியை வென்ற களங்களுள் ஒன்று மணிமங்கலம். கூரம் செப்பேடு அப்போரை ஊரின் பெயராலேயே குறிக்கிறது. 1746இல், ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் கானின் மைந்தர் மஹ்பூஸ் கான் பெரும்படையுடன் சாந்தோம் அருகே ஆற்றங்கரையில் நின்றார். புதுச்சேரியிலிருந்து வந்த பாரதி என்னும் பிரெஞ்சுத் தளபதி, ஏறத்தாழ ஆயிரம் வீரருடன் ஆற்றைக் கடந்து அப்படையைச் சிதறடித்தார். பயிற்சி பெற்ற சிறு துப்பாக்கிப் படை பெருஞ்சேனையை வெல்லும் என இந்திய மன்னர்களுக்கு உணர்த்திய அந்நிகழ்ச்சி, அடையாற்றுப் போர் என்றே வரலாற்றில் நிலைத்தது. தலைப்பகுதியில் நடந்த போர் ஊரின் பெயரைப் பெற்றது. கடைப்பகுதியில் நடந்ததோ ஆற்றின் பெயரைப் பெற்றது.

பெயர் கடலோரத்தில் நிலைத்தமையால் நம் நினைவும் அங்கேயே நின்றுவிட்டது. 2015 டிசம்பர் வெள்ளம் என்றதும் செம்பரம்பாக்கத்தையே பலரும் சுட்டுகின்றனர். அங்கிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது உண்மையே. ஆனால், முடிச்சூரும் வரதராஜபுரமும் செம்பரம்பாக்க நீர் கலக்குமிடத்துக்கு மேலே உள்ளவை. அவற்றை மூழ்கடித்தது எந்த நீர்? ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஏரிகளிலிருந்து வழிந்த நீரன்றோ! ஏரிக்கும் ஏரிக்கும் இடைப்பட்ட வாய்க்கால்கள் சுருங்கி, தாழ்நிலங்கள் மனைகளான பின்பும் நீர் தன் பழைய வழியை மறக்கவில்லை.

அடையாற்றை அறிய விரும்புவோர் பாலத்தின்மீது நின்று கடலை நோக்கினால் போதாது. ஒரு மழைநாளில் ஆதனூர்க் கரையில் நின்று, வழியும் நீர் எவ்வழிச் செல்கிறதென நோக்கவேண்டும். அவ்வழியில் வீடு கட்டுமுன் நோக்கினால் இன்னும் நன்று.