மாடல் டி ஃபோர்டில் இக்னிஷன் டைமிங் அமைத்தல்

1908 முதல் 1927 வரை உற்பத்தியான ஃபோர்டு மாடல் டி காரில், சிலிண்டருக்குள் தீப்பொறி எந்தக் கணத்தில் பாய வேண்டும் என்பதை ஓட்டுநரே முடிவு செய்தார். ஸ்டியரிங் சக்கரத்துக்குக் கீழே இரண்டு சிறு நெம்புகோல்கள் உண்டு. வலப்பக்கத்தது த்ராட்டில், இடப்பக்கத்தது தீப்பொறிக்கு உரியது. இடது நெம்புகோலை மேலே தள்ளினால் டைமிங் ரிடார்ட் ஆகும், அதாவது பிந்தும். கீழே இழுத்தால் அட்வான்ஸ் ஆகும், அதாவது முந்தும். நெம்புகோல் சரியாக வேலை செய்ய, அதன் ‘முழு ரிடார்ட்’ நிலை எஞ்சினில் எந்த இடத்தில் விழுகிறது என்பதை முதலில் அமைத்தாக வேண்டும். டைமிங் அமைத்தல் என்று இந்தக் காரில் சொல்வது இந்த ஒன்றைத்தான்.

பெட்ரோல் கலவை ஒரே கணத்தில் எரிந்து முடிவதில்லை. தீ பரவச் சில மில்லி நொடிகள் ஆகும். எஞ்சின் வேகமாகச் சுழலும்போது அந்தச் சிறு நேரத்துக்குள் கிராங்க் தண்டு வெகுதூரம் திரும்பிவிடும். ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே தீப்பொறி பாய்ந்தால்தான் முழு அழுத்தமும் உரிய இடத்தில் கிடைக்கும். கையால் சுற்றி ஸ்டார்ட் செய்யும்போது கதையே வேறு. வேகம் மிகக் குறைவு. உச்சிக்கு முன்பே தீப்பொறி பாய்ந்தால் பிஸ்டன் பின்னோக்கித் தள்ளப்பட்டு, கிராங்க் கைப்பிடி எதிர்த்திசையில் திரும்பி அடிக்கும். மணிக்கட்டருகே ஆர எலும்பில் ஏற்படும் ஒரு முறிவுக்கு மருத்துவத்தில் ‘ஷோஃபர் முறிவு’ என்ற பெயர் நிலைத்ததே இதனால்தான். இடது கையால், கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, கைப்பிடியை மேல்நோக்கி இழுக்க வேண்டும். கீழ்நோக்கி அழுத்தக் கூடாது. மாடல் டி காருக்கு மின் ஸ்டார்ட்டர் 1919இல்தான் வந்தது.

மாடல் டியில் டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் மரப்பெட்டியில் அடைத்த ஒரு காயில் உண்டு. மின்சாரம் கிடைத்ததும் அதன் தலையிலுள்ள பாயிண்டுகள் அதிர்ந்து ரீங்காரமிடும். எந்தக் காயிலுக்கு எப்போது மின்சாரம் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது எஞ்சினின் முன்புறம் உள்ள டைமர். கேம் தண்டோடு சுழலும் ஓர் உருளை, டைமரின் கூட்டுக்குள் பதித்த நான்கு தகடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுச் செல்லும். வரிசை 1-2-4-3. இடது நெம்புகோல் ஒரு கம்பி வழியாகத் திருப்புவது இந்தக் கூட்டையே. கேம் தண்டு கிராங்க் தண்டின் பாதி வேகத்தில்தான் சுழல்கிறது. எனவே கூட்டில் 1 பாகை பிசகினால் கிராங்க்கில் 2 பாகை பிசகும்.

வேலையைத் தொடங்குமுன் கை பிரேக்கைப் பின்னால் இழுத்துவிட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். வெறும் சம்பிரதாயம் என்று இதை விட்டுவிடக் கூடாது. சிலிண்டரில் கலவை மிச்சமிருந்தால் சாவியைப் பேட்டரி பக்கம் திருப்பியதுமே சூடான மாடல் டி கைப்பிடியைத் தொடாமலேயே ஸ்டார்ட் ஆகிவிடுவதுண்டு. அந்த நேரத்தில் சரிசெய்பவர் நிற்பது காருக்கு நேர் முன்னால். பெட்ரோலை அடைத்து, நான்கு பிளக்குகளையும் கழற்றி, அவற்றின் ஒயர்களை எதையும் தொடாதபடி விலக்கி வைத்தால் இந்த ஆபத்து இல்லை. கைப்பிடியும் எளிதாகச் சுழலும்.

ரேடியேட்டருக்கு அருகில் இருப்பது முதல் சிலிண்டர். அதன் பிளக் துளையை விரலால் மூடிக்கொண்டு கைப்பிடியை மெல்லச் சுற்றினால், அழுத்தும் வீச்சில் காற்று விரலைத் தள்ளும். பிஸ்டன் உச்சியைத் தொட்டு, அதைக் கடந்து 15 பாகை இறங்கும் வரை சுற்ற வேண்டும். அப்போது பிஸ்டன் ஏறத்தாழ 2 மி.மீ. கீழே இருக்கும், கிராங்க் புல்லியில் குறுக்கே செருகியுள்ள ஊசியும் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும். இனி நெம்புகோலை முழுக்க மேலே தள்ளி, சாவியைப் பேட்டரிக்குத் திருப்பினால், முதல் காயில் அந்த இடத்தில்தான் ரீங்காரமிடத் தொடங்க வேண்டும். முன்கூட்டியே ஒலித்தாலோ பிந்தி ஒலித்தாலோ டைமர் கம்பியைத்தான் வளைத்து, அதன் நீளத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். திருகி நகர்த்தும் வசதி எதுவும் அந்தக் கம்பியில் இல்லை. வளைத்த பின் நெம்புகோலைக் கடைசி வரை கீழே இழுத்து, கம்பியோ கூடோ எதிலும் முட்டாமல் போய் வருகிறதா என்று பார்ப்பது அவசியம்.

ஓட்டும்போது எவ்வளவு அட்வான்ஸ் என்பதற்கு அளவுகோல் கிடையாது; காதுதான் கணக்கு. எஞ்சின் தடையில்லாமல் ஓடும் இடம் வரை இழுத்து, அதற்கு மேல் இழுத்தும் பயனில்லை என்று தெரிந்ததும் நிறுத்துவார்கள். மேட்டில் எஞ்சின் திணறி ‘நாக்கிங்’ கேட்டால் சற்று மேலே தள்ளுவார்கள். மூன்றே மெயின் பேரிங்குகள் தாங்கும் மெல்லிய கிராங்க் தண்டு இது என்பதால் நாக்கிங்கை அலட்சியப்படுத்தினால் செலவு வைக்கும். மறுபக்கம், ரிடார்டிலேயே நெடுநேரம் ஓட்டினால் எக்ஸாஸ்ட் குழாய் பழுக்கக் காய்ந்து ரேடியேட்டர் கொதிக்கும்.

பேட்டரிக்குப் பதில் மாக்னீட்டோவின் மின்சாரத்தில் ஓடும்போது மட்டும் ஒரு விசித்திரம் உண்டு. ஃப்ளைவீலில் பதித்த 16 காந்தங்கள் தரும் மாறுமின்னோட்டம் ஒரு சுற்றில் 16 முறை உச்சம் தொடுகிறது. அந்த உச்சங்களை ஒட்டித்தான் காயில் தீப்பொறி தரும் என்பதால் டைமிங் 22.5 பாகைப் படிகளாகத் தாவும். நெம்புகோலைச் சிறிது சிறிதாக இழுத்தும் மாற்றமே இல்லாமல், திடீரென்று எஞ்சின் துள்ளுவது இதனால்தான். பேட்டரியில் ஓடும்போது இந்தப் படிகள் இருப்பதில்லை.

டைமிங்கைச் சரியாக வைத்த பிறகும் எஞ்சின் தடுமாறினால் கம்பியை மீண்டும் வளைப்பது வீண் வேலை. காயில்களின் பாயிண்டுகள் ஒரே மாதிரி அமைக்கப்படாவிட்டால் ஒவ்வொரு சிலிண்டரும் தனக்கென ஒரு டைமிங் வைத்துக்கொள்ளும். டைமர் கூட்டின் உள் தடம் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் வேகத்தில் உருளை துள்ளி, தகட்டைத் தொடாமல் போகும். குளிரில் டைமருக்குள் எண்ணெய் இறுகிவிட்டாலும் இதே கோளாறுதான்; எஞ்சின் சூடானதும் அது தானே விலகிவிடும்.